நாலு விரல் தண்ணீர்

ஆகஸ்ட் 18, திங்கள்

மண் பரிசோதனை அட்டை இன்று கைக்கு வந்தது. என் ஜாதகத்தில்கூட இவ்வளவு தோஷம் கிடையாது. கார அமில நிலை 8.6. இரும்பு குறைவு. துத்தநாகம் குறைவு. சுண்ணாம்பு மட்டும் தாராளம். ஒரு ஏக்கர் மஞ்சள் பயிரும் காமாலை கண்டதுபோல் வெளுத்துக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுதானாம். "மஞ்சள்னா மஞ்சளாத்தான இருக்கும், அர்த்தநாரி" என்று பக்கத்துத் தோட்டத்து ராக்கியண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் தோட்டத்தில் இலை பச்சையாக இருக்கிறது, சிரிக்கலாம்.

பரிசோதனை நிலையத்துப் பெண், "நிலத்துல என்ன போடறீங்களோ தேதி போட்டு எழுதி வைங்கண்ணா, அடுத்த வருசம் வாறப்பக் கொண்டாங்க" என்றாள். உரக்கடையில் கொடுத்த டைரி பரணில் சும்மா கிடந்தது. ஆகவே எழுதுகிறேன். நிலத்தில் போடுவதை மட்டும் எழுதுவதாக உத்தேசம்.

ஆனாலும் இன்று ரேணுகா போன் செய்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. ரேணுகா என் மனைவி சாந்தாமணியின் தங்கை. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள், இப்போது மூன்றாவது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், ஒன்றும் இல்லை. ஐப்பசியில் பிறக்கப்போவதை எங்களுக்கே கொடுத்துவிடுவதென்று அவளும் அவள் வீட்டுக்காரரும் முடிவு செய்துவிட்டார்கள். அவளுடைய நாத்தனாரும் கேட்டிருக்கிறாள், அவளுக்கும் குழந்தை இல்லை. "மொதல்ல அக்காவுக்குத்தான், அக்கா வேண்டாம்னாத்தான் மத்தவங்களுக்கு" என்று ரேணுகா சொல்லிவிட்டாளாம்.

சாந்தா போனை வைத்துவிட்டு நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். எங்கள் பசுவுக்கு அம்மிணி என்று பெயர். அவள் வைத்த பெயர். அதற்கும் ஐப்பசியில்தான் கன்று. "ஒரே மாசம்டி அம்மிணி, ரெண்டு வீட்டுக்கும் விசேசம்" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டியவனுக்கு அப்புறம்தான் சேதி வந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

சூப்பர் பாஸ்பேட் ஆறு கிலோ, பத்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தேன். நாளைக் காலை மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து நூறு லிட்டராக்க வேண்டும். அதில் அன்னபேதி என்கிற இரும்பு சல்பேட், துத்தநாக சல்பேட், போராக்ஸ், யூரியா, ஒவ்வொன்றும் நூற்றைம்பது கிராம்.

எடை போடுவது சாந்தாவின் இலாகா. கல்யாணத்துக்கு முன் ஈரோட்டில் நாட்டு மருந்துக் கடையில் ஆறு வருடம் பொட்டலம் கட்டியவள். சிட்டிகையில் எடுத்துத் தராசில் போட்டால் முள் நடுவில் நிற்கும். அன்னபேதிப் பையைப் பிரித்ததும் மோந்து பார்த்து, "நாங்க இதைய ரத்தசோகைக்குக் குடுப்போம், நீங்க மஞ்சளுக்குக் குடுக்கறீங்க" என்றாள்.

"அதுக்கும் ரத்தசோகைதான்."

"செரி, நூத்தம்பதுன்னா நூத்தம்பதுதானுங்களா? சித்தெ முன்னப் பின்ன இருக்கலாமா?"

"ஒரு கிராம் கூடக் கூடாது. எல கருகிப்போகும்."

"அப்ப நீங்க கிட்ட வராதீங்க. உங்க மூச்சுக் காத்துலயே ரெண்டு கிராம் பறந்துரும்."

நான் கிராம் பிசகாதவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் முக்கால் பங்கு அவளுடையது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தெளிவை அவளுடைய பழைய சேலைத் துணியில் வடிகட்டி, முதல் தெளிப்பு முடித்தோம். அன்னபேதிக் கறை என் சட்டையில் ஏறிவிட்டது, இனி போகாது. இருபத்தைந்து நாள் கழித்து இரண்டாவது.

ஆகஸ்ட் 28, வியாழன். காலை

மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று சொட்டுநீரில் யூரியா, பத்து கிலோ. வழக்கமாகக் கரைக்கும் நீல டிரம்மில் விரிசல். அதனால் கொட்டகைக்கு முன்னால் இருக்கும் மாட்டுத் தொட்டியில் கரைத்தேன். சாந்தா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். குடத்தில் மொண்டு மொண்டு உரத்தொட்டிக்குக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தபோதே மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது, ஓடிவந்து மோட்டாரைப் போட்டேன். மாட்டுத் தொட்டியின் அடியில் நாலு விரல் நிற்கிறது. போய்க் கழுவிவிட வேண்டும்.

மாலை

அம்மிணி ஒன்றரை மணிக்குச் செத்துப்போனது. உப்பு மாறிவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. தோட்டத்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் குழி வெட்டிப் புதைத்தோம். வயிற்றில் ஏழு மாதத்துக்கு மேல். ராக்கியண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கை கொடுத்தார்கள்.

நடந்தது இதுதான். பதினொன்றரைக்குச் சாந்தா அம்மிணிக்குத் தண்ணீர் காட்டினாள். கழுநீரும் தவிடும் ஊற்றி, கல்லுப்பு ஒரு கை போட்டாள். வெயிலில் மேய்ந்து வந்த மாடு தலையை எடுக்காமல் குடித்தது. அரை மணி நேரத்தில் நடுங்க ஆரம்பித்தது, வயிறு உப்பியது, வாயில் நுரை. நான் ஓடிவந்தபோது கால் மடங்கி விழுந்து கிடந்தது. கால்நடை டாக்டர் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். "என்ன குடிச்சுது, என்ன தின்னுது?" என்று கேட்டார்.

சாந்தாதான் பதில் சொன்னாள். "தவுட்டுத் தண்ணிங்க. உப்புப் போட்டனுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் வயிற்றில் தடித்த ஊசியைக் குத்திக் காற்றை எடுத்தார். மாடு இறந்த பிறகுதான் வாயருகே குனிந்து மோந்து பார்த்தார். நவச்சார வாடை, அமோனியா நெடி. "யூரியாங்க இது. மொதல்லயே தெரிஞ்சிருந்தாப் புளிச்ச காடியும் பச்சத் தண்ணியுமா ஊத்திப் பாத்திருக்கலாம்" என்றார். கொட்டகை மூலையில் கல்லுப்பு வாளி இருக்கிறது. பக்கத்திலேயே பிரித்த யூரியாச் சாக்கும் இருந்தது. எங்கள் பக்கம் யூரியாவையும் உப்பு என்றுதான் சொல்லுவோம். வயலுக்கு உப்பு வைத்தாச்சா என்றால் யூரியா போட்டாச்சா என்று அர்த்தம்.

சாந்தா வாளியைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சாக்கு காலைலயும் அங்கதான இருந்துச்சுங்க மாமா?"

"ஆமா" என்றேன். சாக்கு அங்கேதான் இருந்தது. அது பொய் இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

குழம்பில் உப்பு இல்லை. ரசத்திலும் இல்லை. கேட்டால், உப்புச் சாடியை என் இலைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, "நீங்களே போட்டுக்கோங்க" என்றாள்.

"ஏன்?"

"என்ற கையில எதையும் போடறதுக்குப் பயமா இருக்குதுங்க."

நானே போட்டுக்கொண்டேன். கூடிப்போய்விட்டது. முழுவதும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

துத்தநாக சல்பேட் பத்து கிலோ மணலில் கலந்து தூவினேன். எடை நானே போட்டேன். தராசைத் தொடச் சொன்னதற்கு, "வேண்டாமுங்க, பயிரும் போயிரும்" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. வேலை இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ராக்கியண்ணன் வந்து உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே சாந்தாவுக்குக் கேட்கும்படி, "பொம்பளைங்க அவசரம் அவசரம்னு ஓடுவாங்க, அதுல இப்புடித்தான் ஆகும். உடு அம்மிணி, வேணும்னா செஞ்சே?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மிணி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் பாவம், எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. "அண்ணா, அது அவளில்லை" என்று மூன்று சொல்தான். டீ டம்ளரைக் கழுவப்போனேன்.

செப்டம்பர் 15, திங்கள்

இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை. மண் பரிசோதனைக்காரப் பெண்ணுக்கும் இதைக் காட்டப்போவதில்லை. ஆகவே இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

நான்தான். தொட்டியில் நின்ற நாலு விரல் யூரியாத் தண்ணீர் என்னுடையது. தெளிந்த தண்ணீர்போல் இருந்திருக்கும், அதன்மேல் அவள் கழுநீரை ஊற்றியிருக்கிறாள். அவள் போட்டது கல்லுப்புதான், எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கை மாற்றிப் போடாது. இன்னும் ஒன்று. அன்று மோட்டார் ரூமிலிருந்து போன் செய்து, "அம்மிணிக்குத் தண்ணி காட்டிரு, உப்புப் போட மறந்தராத" என்று சொன்னதும் நான்தான். டைரியில் நாலு விரல் என்று எழுதி மூடிவைத்துவிட்டு, அடுத்த காரியமாக அதைத்தான் செய்தேன். தொட்டி ஞாபகமே வரவில்லை.

விழுந்து கிடந்த மாட்டைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் கேட்டபோது அவர் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது சொல்லியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் வாய் வரவில்லை. அன்று வெட்கத்துக்காகச் சொல்லவில்லை. மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்பதற்காகச் சொல்லவில்லை. இப்போது பதினெட்டு நாள் ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் கூடக் கூடச் சொல்ல வேண்டியதும் கூடிக்கொண்டே போகிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரண்டாவது தெளிப்பு. வடிகட்டியது நான். துணியில் ஓட்டை இருந்ததைப் பார்க்கவில்லை, தெளிப்பானின் மூக்கு மூன்று முறை அடைத்துக்கொண்டது.

செப்டம்பர் 27, சனி

குருத்து இலைகள் பச்சையாக வருகின்றன. கூப்பிட்டுக் காட்டினேன். வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குதுங்க" என்றாள். ஒரு இலையைக்கூடத் தொடவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு ரேணுகாவுக்கு அவளே போன் செய்தாள். நான் உள்ளே அரிசி மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து எல்லாம் கேட்டது.

"ரேணு, நாஞ் சொல்றதைக் குறுக்க பேசாமக் கேளு. கொழந்தைய உன்ற நாத்தனாளுக்கே குடுத்துரு... இல்ல, அவரு ஒண்ணுஞ் சொல்லல. அவரு தங்கம். நாந்தான்... வாயில்லாச் சீவனுக்கு எதைக் குடுத்தன்னு எனக்கே தெரியல கண்ணு. நாளைக்கிப் பாப்பாவுக்குப் பால்ல சக்கரைனு எதைய எடுத்துப் போடுவனோ. மருந்துனு எதைய ஊட்டுவனோ. என்ற கையி செரியில்ல. வேண்டாஞ் சாமி. எனக்குக் குடுக்காத."

ரேணுகா அழுதிருக்க வேண்டும். இவள்தான், "அழுவாத, மாசமா இருக்கறப்ப அழுவப்படாது" என்று தேற்றினாள்.

மூட்டையைப் பிடித்தபடியே நின்றேன். சமையலறைக்கு ஆறு அடி இருக்கும். நான் போயிருக்க வேண்டும். அவள் கையிலிருந்து போனை வாங்கிச் சொல்லியிருக்க வேண்டும். 'அவரு தங்கம்' என்று சொன்னாளே, அதற்குப் பிறகு என் கால் நகரவில்லை. சத்தமில்லாமல் கொல்லைப் பக்கமாக வெளியேறி மஞ்சளுக்குப் போய், செடிகளை எண்ணினேன். உண்மையாகவே எண்ணினேன். ஒரு பார் வரிசையில் நாற்பத்தோரு செடி.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்னும் குழந்தை பிறக்கவில்லை. அதற்குள் சொல்லிவிட்டால் மாற்றிவிடலாம். நாளைக்குச் சொல்லுவேன்.

அக்டோபர் 13, திங்கள்

பொட்டாஷ் எட்டு கிலோ.

அக்டோபர் 19, ஞாயிறு

ரேணுகாவுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். பலகாரம் கடையில் வாங்கியது.

அக்டோபர் 24, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்த ராக்கியண்ணன் மகள், தன் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலையில் வந்தாள். குழந்தை சாந்தாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தாவியது. சாந்தா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அத்த கையி வேண்டாங் கண்ணு, அம்மாகிட்டயே இரு" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தை இன்னும் தாவிக்கொண்டே இருந்தது.

அவர்கள் போனதும் அடுப்படிக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். தொட்டி, நாலு விரல், போன், டாக்டர், எல்லாம். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை நறுக்கினாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"எத்தன கிலோ கரச்சீங்க?"

"பத்து."

"எவ்வளவு தண்ணில?"

"அம்பது லிட்டர் இருக்கும்."

"நாலு வெரலுன்னாப் பன்னெண்டு லிட்டராச்சும் நின்னிருக்கும்." கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தாள். "ரெண்டு கிலோவுக்கு மேல. நா ஒரு கை போட்டா எவ்வளவு வரும்? அம்பது கிராம், அறுவது கிராம். அம்பது கிராமுல ஒரு மாடு சாவுமான்னு எனக்குத் தோணல பாருங்க. ஆறு வருசம் எட போட்டவளுக்குத் தோணல."

"சாந்தா..."

"டாக்டரு கேட்டப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

"நா ரேணுகிட்டப் பேசறப்ப?"

"உள்ள இருந்தேன்."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினாள்.

"ரேணு, என்ற கையில ஒண்ணுந் தப்பில்லயாமா. இப்பத்தான் தெரிஞ்சுது. நா உப்புத்தான் போட்டிருக்கறன். பாப்பாவ..." அங்கேயே நிறுத்தி, கேட்டுக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் கேட்டாள். "செரி... செரி கண்ணு... நேத்தேவா? ... பேரும் வெச்சாச்சா. நல்ல பேருதான்... இல்ல இல்ல, திருப்பிக் கேக்கப்படாது, அவளும் பொம்பளதான... ஆரு தப்புமில்ல. தொட்டில தண்ணி நின்னிருக்குது, அவ்வளவுதான்."

கடைசிவரை என் பெயரை அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் இவ்வளவு சிறுத்துப்போயிருக்க மாட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

பேசுகிறாள். வேண்டியதை மட்டும் பேசுகிறாள். சாப்பாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்குத்தான் இறங்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

குழந்தையைப் பார்க்கப் போனோம், பவானிக்கு, அந்த நாத்தனார் வீட்டுக்கு. நான் வர வேண்டாம் என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். "வாங்க" என்றாள்.

அந்த அம்மாள் நல்ல மாதிரி. பயந்த மாதிரியும் இருந்தாள், எங்கே திருப்பிக் கேட்டுவிடுவோமோ என்று. குழந்தையைக் கொண்டுவந்து சாந்தாவின் மடியில் வைத்தாள். சாந்தா தலைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, அசையாமல் வைத்துக்கொண்டாள். "மூணே முக்கா கிலோ இருப்பா" என்றாள். முந்தாநாள் நர்ஸ் எடை போட்டபோது மூன்றே முக்கால்தான் என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டாள். குழந்தை தூங்கிக்கொண்டே உதட்டைச் சப்புக்கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்தோம். அரை மணி நேரம் கழித்துச் சாந்தாவே எழுந்து, குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்தாள். "உங்க மகளைப் புடிங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அந்தியூர்ப் பிரிவு தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலேயே பேசினாள்.

"அம்பத்தேழு நாளுங்க மாமா."

எனக்கு உடனே புரியவில்லை.

"அம்மிணி செத்ததுலருந்து நீங்க சொன்ன வரைக்கும். அதுல முப்பத்தெட்டாவது நாளுதான் நா ரேணுவுக்குப் போன் பண்ணுனன். ஒம்பது மணிக்கு. அன்னைக்கி எட்டே முக்காலுக்குச் சொல்லியிருந்தாக்கூட அவ நம்ம மக."

அழுகையோ கோபமோ அவள் குரலில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இந்த டைரியை எடுத்துத் தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாள்கூடப் பிசகவில்லை, ஐம்பத்தேழுதான்.